பையைப் பிரிக்கும் கை யாருடையது?

2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவமனைக் கழிவுகளைத் திருநெல்வேலி மாவட்டத்தில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கொட்டிவிட்டுப் போனார்கள். தமிழகம் கொதித்தது. கொதித்தது சரிதான். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு, கேரள அரசே லாரிகளை அனுப்பிக் கழிவை அள்ளிக்கொண்டு போக நேர்ந்தது. தன் அசுத்தத்தை அடுத்தவர் தலையில் கட்டுவது அநியாயம் என்பதில் அன்று கட்சி அலுவலகத்துக்கும் டீக்கடை பெஞ்சுக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

அதே நியாயத்தை நம் வீட்டு வாசலுக்கும் கொண்டுவருவோம்.

காலையில் பேட்டரி வண்டி தெருவுக்குள் நுழைகிறது. விசில் சத்தம் கேட்டதும் கேரி பேக் ஒன்று முடிச்சுப் போட்டபடியே வண்டிக்குள் விழுகிறது. தூய்மைப் பணியாளர் அந்த முடிச்சை அவிழ்க்கிறார். நேற்று ராத்திரி மிஞ்சிய சாம்பார் சாதம். அதில் ஊறிய ஆன்லைன் டெலிவரி அட்டைப்பெட்டி. குழந்தையின் டயப்பர். ஷேவிங் பிளேடு. காகிதம்கூடச் சுற்றாத சானிட்டரி நாப்கின். அடியில் உடைந்த கண்ணாடி டம்ளர். கையுறை இருந்தால் அது கிழியும், இல்லாவிட்டால் கை கிழியும். அடுத்த வீட்டுப் பையிலும் ஏறக்குறைய இதேதான் இருக்கும். வெயில் ஏறுவதற்குள் அவர் இப்படி எத்தனையோ முடிச்சுகளை அவிழ்த்தாக வேண்டும்.

குப்பையைப் பிரிக்காமல் கொடுப்பது அநீதி. சோம்பல், மறதி, நேரமின்மை என்று வேறு பெயர்களைச் சூட்டி நம்மை நாமே தேற்றிக்கொள்ள வேண்டாம். நாம் இரண்டு நிமிடத்தில் செய்யக்கூடிய ஒரு வேலையை, நம்மைவிடக் குறைந்த கூலிக்கு உழைக்கும் ஒருவர் வெறுங்கையால் செய்யட்டும் என்று தினமும் முடிவெடுக்கிறோம். அந்த ஒருவர் பெரும்பாலும் எந்தச் சமூகத்திலிருந்து வருகிறார் என்பதும் நமக்குத் தெரியும். நம் எச்சிலைத் தொடுவதற்கென்று சிலர் பிறந்திருக்கிறார்கள் என்ற பழைய எண்ணம், சாதி பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொள்ளும் வீடுகளின் குப்பைப் பையிலும் பத்திரமாக இருக்கிறது.

பிரிக்கத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. பழைய செய்தித்தாளை மடித்து, அடுக்கி, கயிறு போட்டுக் கட்டி வைக்கத் தெரிகிறது. பால் கவரை அலசிக் காயவைத்துச் சேர்த்து, கிலோ கணக்கில் போடத் தெரிகிறது. பித்தளையையும் இரும்பையும் ஒன்றாகப் போட்டு ஏமாறும் குடும்பத்தலைவி தமிழ்நாட்டில் உண்டா? காசு வருமென்றால் நாம் கெட்டிக்காரர்கள். காசு வராத வாழைப்பழத் தோல் என்றதும்தான் கை ஓய்ந்துவிடுகிறது.

நீலகிரியில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். காட்டில் வீசப்பட்ட உடைந்த மது பாட்டில்கள் விலங்குகளின் கால்களைக் கிழிக்கின்றன என்ற கவலையில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. அதன்பேரில் 2022 மே மாதம் அந்த மாவட்ட டாஸ்மாக் கடைகளில் ஒரு திட்டம் வந்தது: பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பத்து ரூபாயைக் கொடுத்துவிடுவது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன, திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் போனது. குடிகாரர் என்று நாம் முகம் சுளிக்கிறவர் கண்ணாடி பாட்டிலை உடைக்காமல் கடைக்கே கொண்டுவந்து கொடுக்கிறார். கௌரவமான அடுக்குமாடிக் குடியிருப்பு உடைந்த டம்ளரைச் சோற்றோடு சேர்த்துக் கட்டி அனுப்புகிறது.

மனிதரை விட்டுவிட்டு மண்ணை மட்டும் பார்த்தாலும் தீர்ப்பு மாறாது. சோற்றில் நனைந்த காகிதத்துக்கும் தயிர் ஒட்டிய பிளாஸ்டிக்குக்கும் காயலான் கடையில் மதிப்பில்லை. கண்ணாடித் துண்டு கலந்த காய்கறிக் கழிவை எந்த உரக்கூடமும் விரும்பாது. தனித்தனியே இருந்திருந்தால் இரண்டும் பயன்பட்டிருக்கும். சேர்ந்ததால் இரண்டும் கிடங்குக்குப் போகின்றன. அங்கே மலையாகக் குவிந்து, காற்றுப் புகாமல் அழுகும் உணவு மீத்தேன் வாயுவை வெளிவிடுகிறது. பக்கத்திலேயே எரிவதற்குத் தோதாக பிளாஸ்டிக். 2022 ஏப்ரல் இறுதியில் சென்னையின் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பற்றி எரிந்தபோது சுற்றுவட்டாரமே நாள்கணக்கில் புகையில் மூச்சுத் திணறியது. அதே ஆண்டில்தான், அந்தக் கிடங்கு ஆக்கிரமித்துக்கொண்டிருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கும் எரிந்தது. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்க இப்போது பல நூறு கோடி ரூபாய் செலவாகிறது. சமையலறையில் காசில்லாமல் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கான கூலி அது.

"நாங்க பிரிச்சுக் கொடுத்தாலும் வண்டியில ஒண்ணாத்தானே கொட்டுறாங்க" என்ற வாதம் எல்லாத் தெருவிலும் கேட்கிறது. பல இடங்களில் அது உண்மை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே வீட்டுக் குப்பையை மூன்று வகையாகப் பிரித்துத் தரச் சொல்லிவிட்டன. பிரித்து வந்ததைப் பிரித்தபடியே கொண்டுபோக வேண்டிய கடமை உள்ளாட்சிக்கு. பச்சைத் தொட்டியையும் நீலத் தொட்டியையும் ஒரே லாரியில் கவிழ்க்கும் நிர்வாகம் விதியை மீறுவதோடு, பிரித்துக் கொடுத்தவரின் நம்பிக்கையையும் கெடுக்கிறது. வீட்டுக்காரருக்கு அபராதம் என்று அறிவிப்பு ஒட்டும் மாநகராட்சி, தன் லாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் என்ன அபராதம் விதித்தது என்பதையும் பக்கத்திலேயே ஒட்டட்டும். ஆனால் லாரி செய்யும் தவறு நமக்கு விடுதலை தராது. லாரி கலப்பதற்கு முன்பே அந்தப் பிளேடு ஒரு கையைக் கிழித்துவிடுகிறது.

மஞ்சப்பை, மூங்கில் பல்துலக்கி, மரக்கன்று நடும் புகைப்படம் எல்லாம் நல்லவைதான். கல்யாண வீட்டில் மணமக்கள் பெயர் அச்சிட்டுத் தரும் துணிப்பையும் நல்லதே, வீட்டில் ஏற்கெனவே இருபது இல்லாதிருந்தால். இவை அத்தனையும் பிறர் கண்ணில் படும் பழக்கங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சிங்க்கின் அடியில் இரண்டாவதாக ஒரு வாளி வைப்பதை யாரும் பார்க்கப்போவதில்லை, பாராட்டப்போவதுமில்லை.

அந்த வாளிக்கு ஆகும் உழைப்பையும் பார்த்துவிடுவோம். காய்கறித் தோல், டீத்தூள், மிச்சச் சோறு ஆகியவை நீர் வடிந்து ஒரு வாளியில் சேர வேண்டும், கேரி பேக் இல்லாமல். அதை பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தால் பிரித்ததே வீண். எண்ணெய்க் கவரும் தயிர் டப்பாவும், பாத்திரம் கழுவிய தண்ணீரில் ஓர் அலசு அலசினால் போதும், இன்னொரு வாளிக்குத் தயார். நாப்கினும் டயப்பரும் செய்தித்தாளில் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு குறி போட்டால், தொடுகிறவருக்கு முன்கூட்டியே தெரியும். பிளேடும் ஊசியும் மூடியுள்ள பழைய டப்பாவில் மாதக்கணக்கில் சேரட்டும். மொட்டை மாடியோ பால்கனியோ உள்ளவர்கள் ஓட்டை போட்ட பெயின்ட் வாளியில் காய்கறித் தோலும் சருகும் மாறிமாறிப் போட்டு, கொஞ்சம் புளித்த மோர் தெளித்தால் ஓரிரு மாதத்தில் உரமாகிவிடும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள், இன்னும் இரண்டு கை சருகு போட வேண்டும். சருகுக்கு எங்கே போவது என்பவர்கள், தெருவில் கூட்டிக் குவித்துக் கொளுத்துகிறார்களே, அந்த இடத்துக்குப் போகலாம்.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு, தங்கள் வேலை தனியாருக்குப் போவதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் அமர்ந்திருந்தார்கள். கடைசியில் நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. கைது செய்து ஏற்றிய காணொளிகளைப் பார்த்து நகரம் உருகியது, ஆத்திரப்பட்டது, பகிர்ந்தது. அந்த உருக்கம் பொய்யென்று சொல்ல மாட்டோம். ஆனால் உருகிய வீடுகளில் எத்தனை, மறுநாள் காலை பிரித்த குப்பையைக் கொடுத்திருக்கும்? அவர்களின் ஊதியமும் பணிப் பாதுகாப்பும் அரசு கையில் இருக்கின்றன, அதற்காக அரசைக் கேட்போம், கேட்டுக்கொண்டே இருப்போம். அவர்களின் விரல்கள் நம் கையில் இருக்கின்றன.

உள்ளாட்சி அமைப்புகளிடம் நாம் கேட்பது ஒன்று. பிரிக்காத பையை வாங்க மறுக்கும் உரிமையைப் பணியாளருக்கு எழுத்தில் கொடுங்கள். இன்று மறுத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்: குடியிருப்போர் சங்கம் மேற்பார்வையாளருக்குப் போன் போடும், மேற்பார்வையாளர் அவரைத் திட்டுவார், ஒப்பந்தக்காரர் நாளை முதல் வர வேண்டாம் என்பார். அந்தப் போன் வரும்போது, "அவர் செய்தது சரி, நீங்கள் பிரித்துக் கொடுங்கள்" என்று பதில் சொல்ல ஓர் அதிகாரி முன்வரட்டும். விதி 2016லிருந்து அந்தப் பணியாளர் பக்கம்தான் இருக்கிறது.