சொன்னால்தானே தெரியும்!



நமக்கு வரும் கடிதங்களில் ஒரு வாக்கியம் அடிக்கடி தலைகாட்டுகிறது: "விளம்பரம் எல்லாம் எனக்குப் பழக்கமில்லை சார்." வீட்டில் அப்பளம் இட்டு விற்கும் அம்மா இப்படி எழுதுகிறார். முதல் கவிதைத் தொகுப்பைச் சொந்தச் செலவில் அச்சிட்ட இளைஞர் எழுதுகிறார். மாடி அறையில் பிள்ளைகளுக்கு வீணை சொல்லிக்கொடுப்பவரும் எழுதுகிறார். மூவர் கையிலும் நல்ல சரக்கு இருக்கிறது. அடுத்த தெருவுக்கு அது தெரியாது. இந்தத் தயக்கத்தைப் பற்றி இந்த மாதம் உங்களோடு மனம்விட்டுப் பேச ஆசைப்படுகிறேன்.

தயக்கம் வந்த வழி எனக்குப் புரிகிறது. ஆத்திசூடி படித்து வளர்ந்தவர்கள் நாம். உன்னிடம் இருப்பதை ஊரறிய விளம்பித் திரியாதே என்று ஔவையார் சின்ன வயதிலேயே காதில் போட்டுவிட்டார். 'விளம்பரப் பிரியர்', 'எல்லாம் வெறும் விளம்பரம்' என்று பேச்சிலும் அந்தச் சொல் வசையாகவே புழங்குகிறது. ஆனால் ஔவை தடுத்தது உடைமையைக் காட்டிப் பெருமையடிக்கும் குணத்தை. அப்பளம் தேடுகிறவருக்கு அப்பளம் இருக்கிறது என்று சொல்வதை அந்தப் பாட்டி ஏன் தடுக்கப் போகிறாள்?

விளம்புதல் என்றால் சொல்லுதல், வெளிப்படையாகத் தெரிவித்தல். நாஞ்சில் நாட்டுப் பந்தியில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இலையில் சோறும் கறியும் பரிமாறுவதை அங்கே விளம்புவது என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த பொருள் அதுதான். பசியோடு உட்கார்ந்திருப்பவர் இலையில் வைப்பதற்கு யாராவது வெட்கப்படுவார்களா?

பழைய காலத்துத் தமிழர்கள் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. பட்டினப்பாலை காட்டும் புகார் நகரம் முழுக்கக் கொடிகள். கப்பலில் கொடி, கள் விற்கும் கடை வாசலில் கொடி. கற்றுத் தேர்ந்த ஆசிரியர்கள்கூட வாதுக்கு வரலாம் என்று அழைத்துக் கொடி ஏற்றியிருக்கிறார்கள். கவிதைத் தொகுப்பு போட்ட தம்பி இதைக் கவனிக்க வேண்டும். மணிமேகலையின் விழாவறை காதையில் யானைப் பிடரியில் முரசை ஏற்றி இந்திர விழாவை அறிவிக்கிறார்கள். மழை பொழியட்டும் என்று ஊரை வாழ்த்திவிட்டு, தெருவில் புதுமணல் பரப்புங்கள், வாழையும் கரும்பும் நடுங்கள், 28 நாள் விழா முடியும்வரை பகைவரோடு மோதாமல் விலகிப் போங்கள் என்று முரசறைவோன் சொல்லிக்கொண்டு போகிறான். கேட்கிறவர் வீட்டுக்குப் போய்ச் செய்வதற்கு அதில் ஏதாவது இருக்கிறது.

ஊரறியச் சொன்ன இன்னொருவரை நம் அலுவலகம் இருக்கும் இடமே நினைவூட்டுகிறது. அது சென்னை அசோக் நகரில். நான்கு சிங்கங்கள் நிற்கும் தூணைச் சுற்றித்தான் தினமும் போய்வருகிறோம். இந்தப் பேட்டைக்குப் பெயர் தந்த தூண் அது. சாரநாத்தின் சிங்கத் தலையை நினைவூட்டும் அந்தத் தூண் பஸ்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் வெறும் 'அசோக் பில்லர்'. பெயருக்கு உரிய மன்னரோ, மக்களுக்குச் செய்தி சொல்வதில் யாருக்கும் சளைக்காதவர். பாறையிலும் தூணிலும் வெட்டிய செய்திகளைப் பெரும்பாலும் பிராகிருதத்தில் வைத்தார். காந்தஹாரில் கிரேக்கத்திலும் அராமிக்கிலும் வெட்டினார். இரண்டாம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர், சத்தியபுத்திரர் நாடுகள்வரை மனிதருக்கும் விலங்குக்கும் வைத்திய ஏற்பாடு செய்ததையும், மூலிகை இல்லாத இடங்களுக்கு அதைக் கொண்டுபோய் நட்டதையும் சொல்கிறார். ஒடிசாவின் தௌலியில் இருக்கும் தனிக் கல்வெட்டு என்னை நெகிழ வைப்பது. பூச நட்சத்திர நாட்களில் இதைப் படித்துக் கேட்கச் செய்ய வேண்டும், இடைப்பட்ட நாளில் ஒரே ஒருவர் இருந்தாலும் அவர் கேட்கலாம் என்கிறது அது. ஒருவருக்காகவும் சொல்லத் தயாராக இருந்த பேரரசர்!

நமக்குக் கிட்டத்திலேயே, மயிலாப்பூரில், இன்னொருவர். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சன் தைலத்தைத் தொடங்கினார். பிறகு தொழில் சென்னைக்கு வந்தது. சங்கீதக் கச்சேரி நடக்கும் இடங்களில் அதை இலவசமாகக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார் அவர். மணிக்கணக்கில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டவருக்குத் தலை கனக்கும் நேரம் அது. தேவை எங்கே, எப்போது என்று கண்டு அங்கே போய் நின்றிருக்கிறார். லஸ் பக்கம் போகிறவர்கள் நாகேஸ்வர ராவ் பூங்காவில் அவர் பெயரைப் பார்க்கலாம்.

கேட்பவரை மறந்துவிட்டால் விளம்பரம் எவ்வளவு கொடியதாக மாறும் என்பதையும் இதே சென்னை பார்த்திருக்கிறது. 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில், ஓர் அரசியல் பிரமுகர் வீட்டுக் கல்யாணத்துக்காகச் சாலை நடுவில் அனுமதியின்றி வைத்த பேனர் சரிந்தது. ஸ்கூட்டரில் வேலை முடிந்து வீடு திரும்பிய 23 வயதுப் பெண் நிலைகுலைந்து விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அந்தப் பேனரில் அந்தப் பெண்ணுக்குத் தேவையான ஒரு சொல்கூட இருந்திருக்காது. இன்றும் தெருமுனையில் பேனருக்குக் கம்பு நடுவதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

நான் பார்த்ததில் மிகச் சிறந்த விளம்பரம் நம் அலுவலகத்துக்குப் பக்கத்துக் காய்கறிக் கடையில் தொங்குகிறது. பழைய நோட்டுப் புத்தகத்தின் அட்டை. நீல ஸ்கெட்ச் பேனாவில் கொஞ்சம் சாய்ந்த எழுத்து: 'தோசை மாவு. இன்று காலை அரைத்தது. கிலோ 60 ரூபாய். மாவு தீர்ந்ததும் அட்டையை எடுத்துவிடுவோம்.' என்ன பண்டம், எப்போது செய்தது, என்ன விலை, எல்லாம் அதில் இருக்கிறது. கடைசி வரி இருப்பதால் அட்டையை நம்பி உள்ளே போகலாம். வெறுங்கையோடு திரும்ப வேண்டாம்.

நம் பத்திரிகையும் விளம்பரத்தால்தான் நடக்கிறது. நீங்கள் கொடுக்கும் சந்தா காகிதச் செலவுக்கே பற்றாது. ஆனாலும் சிலவற்றைத் திருப்பி அனுப்புகிறோம். சர்க்கரை நோயை அடியோடு போக்கும் பொடி என்று எழுதிக் கொடுத்தால், எத்தனை பக்கத்துக்குப் பணம் தந்தாலும் போடமாட்டோம். இப்படிப்பட்ட மருந்து, மந்திர சிகிச்சை விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் 1954 முதல் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் போடமாட்டோம். அந்தப் பொடியை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர் நம் வாசகராக இருப்பார்.

அப்படித் திருப்பி அனுப்பியதில் மிஞ்சும் இடத்தை உங்களுக்குத் தர விரும்புகிறேன். அடுத்த இதழிலிருந்து மாதம் ஒரு பக்கம், வீட்டிலிருந்து சிறு தொழில் செய்பவர்களுக்கும் முதல் புத்தகம் போட்டவர்களுக்கும் கட்டணமின்றி. நான்கைந்து வரி போதும்: என்ன, எங்கே, என்ன விலை, எந்த நேரத்தில் கிடைக்கும். தின்பண்டமாக இருந்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணையும் எழுதுங்கள். 'உலகத்தரம்', 'நம்பர் ஒன்' எல்லாம் வேண்டாம். ஊறுகாயில் நல்லெண்ணெய் ஊற்றினால் நல்லெண்ணெய் என்று எழுதுங்கள். ரீஃபைண்ட் என்றால் ரீஃபைண்ட். தபாலில் அனுப்பலாம். நேரில் கொடுக்க நினைப்பவர்கள் மாலை நான்கு மணிக்கு மேல் வாருங்கள். அசோக் நகர் மெட்ரோவிலிருந்து நடந்தே வந்துவிடலாம். எழுதத் தெரியாது என்று தயங்குகிறவர்கள் வாயால் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்