'சாதாரண மனிதர்கள்' என்பது மன்னிப்புச் சீட்டு அல்ல

இனப்படுகொலை பற்றிய கருத்தரங்கு என்றால் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: "கொன்றவர்கள் அரக்கர்கள் அல்ல, நம்மைப் போன்ற சாதாரண மனிதர்கள்தான்." சொல்பவர் பெருமூச்சு விடுவார், கேட்பவர்கள் தலையாட்டுவார்கள், விவாதம் முடிந்துவிடும். மறுத்திருக்க முடியாதா என்று கேட்க ஆள் இருக்காது.

இந்த வாக்கியம் புகழ்பெறக் காரணமான ஆய்வு, கிறிஸ்டோபர் பிரௌனிங் 1992இல் வெளியிட்ட 'சாதாரண மனிதர்கள்' என்ற நூல். நாஜி ஜெர்மனியின் 101ஆம் ரிசர்வ் போலீஸ் பட்டாலியனைப் பற்றியது. சுமார் 500 பேர். பெரும்பாலோர் ஹாம்பர்க் பகுதியைச் சேர்ந்த நடுத்தர வயதுக்காரர்கள். துறைமுகத் தொழிலாளர்கள், லாரி ஓட்டுநர்கள், குமாஸ்தாக்கள். இவர்கள் போலந்தில் குறைந்தது 38,000 யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள். மேலும் 45,000 பேரை ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயிலேற்றினார்கள்.

நம் கருத்தரங்குகள் இதுவரை வந்து நின்றுவிடுகின்றன. நூலின் மையமோ இதற்குப் பிறகுதான் வருகிறது.

1942 ஜூலை 13, போலந்தின் யூஸெஃபூவ் என்ற ஊர். வேலைக்கு உதவும் ஆண்களைப் பிரித்துவிட்டு, பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் சுட வேண்டும் என்பது உத்தரவு. அதைத் தன் ஆட்களுக்குச் சொன்ன மேஜர் ட்ராப் கூடவே ஒன்றையும் சொன்னார்: வயதில் மூத்தவர்களில் இந்த வேலை தன்னால் ஆகாது என்று நினைப்பவர் விலகிக்கொள்ளலாம். முன்வந்து விலகியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அன்று கொல்லப்பட்டவர்கள் சுமார் 1,500 பேர்.

விலகியவர்களை யாரும் சுடவில்லை, சிறையில் தள்ளவில்லை. ஒரு லெப்டினன்ட், நிராயுதபாணிகளான பெண்களையும் குழந்தைகளையும் சுடும் வேலையில் பங்கேற்க மாட்டேன் என்று நேரடியாகவே மறுத்தார். அவருக்கு வேறு பணி கொடுத்தார்கள். பிறகு ஊருக்கே திரும்பினார். அப்படியானால் மற்றவர்கள் ஏன் சுட்டார்கள்? கோழை என்ற பெயர் வந்துவிடும் என்ற அச்சம். சக போலீஸ்காரன் தலையில் அந்த வேலையைக் கட்டிவிட்டு ஒதுங்குவதில் கூச்சம். துப்பாக்கிமுனையில் நின்ற குழந்தையை விட, பக்கத்தில் நிற்பவன் என்ன நினைப்பான் என்பதே அவர்களுக்குப் பெரிதாகப் பட்டது. இது நிர்ப்பந்தம் அல்ல, தேர்வு. தன் விளக்கத்தை மன்னிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பிரௌனிங்கே முன்னுரையில் தெளிவுபடுத்திவிட்டார்.

மில்கிராமின் சோதனைக்கும் இதே கதிதான். அதிகாரி சொன்னதால் 40 பேரில் 26 பேர் கடைசி அளவு வரை மின்சாரம் பாய்ச்சினார்கள் (பாய்ச்சுவதாக நம்பினார்கள்) என்பது எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. அதே சோதனையின் இன்னொரு வடிவத்தில் உடனிருந்த இருவர் மறுத்து எழுந்ததும், கடைசி வரை போனவர்கள் 40 பேரில் 4 பேர்தான். கீழ்ப்படிதல் மட்டுமல்ல, மறுப்பும் தொற்றக்கூடியது. முதல் எண்ணை மட்டும் சொல்லிக்கொடுக்கும் கல்வி யாருக்கு உதவுகிறது?

டேனியல் கோல்ட்ஹேகன் 1996இல் இதே பட்டாலியனின் விசாரணை ஆவணங்களைக் கொண்டு வேறு முடிவுக்கு வந்தார்: யூத வெறுப்பே அவர்களைக் கொலையாளிகளாக்கியது என்றார். எல்லாவற்றையும் ஒரே காரணத்தில் அடக்குகிறார் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் மறுத்தார்கள். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி சாகவில்லை. கூட்டத்தின் அழுத்தம் என்றால், அது ஏன் குறிப்பிட்ட மக்கள்மீதே திரும்பியது? யாரைக் கொன்றால் குற்ற உணர்வு வராது என்பதை ஒரு சமூகம் முன்கூட்டியே கற்றுக்கொடுத்து வைத்திருக்கிறது. சாதியச் சமூகத்தில் பிறந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கீழ்வெண்மணியை இனப்படுகொலை என்ற சட்டச் சொல்லுக்குள் அடக்க நான் முயலவில்லை. ஆனால் கொலையாளி யார் என்ற கேள்வி அங்கும் எழுந்தது. 1968 டிசம்பர் 25 அன்று 44 தலித்துகள் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட மிராசுதாரர்களை விடுவித்தது. வசதி படைத்தவர்கள், ஆட்களை ஏவாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லையாம்! மதிப்புள்ள மனிதர் கையில் ரத்தம் படியாது என்ற அந்த நம்பிக்கையைத்தான் பிரௌனிங்கைப் போன்றோரின் ஆய்வுகள் உடைத்தன.

ஆக, இரண்டு தப்பிக்கும் வழிகள் இருக்கின்றன. 'இவர்கள் செய்திருக்கவே முடியாது' என்பது ஒன்று. 'யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள்' என்பது மற்றொன்று. இரண்டிலும் கொலையாளி வீட்டுக்குப் போய்விடுகிறான்.

உண்மை அறியும் குழுக்களில் செல்லும் தோழர்களே, 'கும்பல்', 'குடிசைகள் எரிந்தன' என்று அறிக்கை எழுதாதீர்கள். குடிசைகள் தாமாக எரிவதில்லை. யார் கூட்டினார், யார் எண்ணெய் கொடுத்தார், யார் கதவைச் சாத்திக்கொண்டார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அந்த ஊரில் வர மறுத்தவர் ஒருவராவது இருந்தாரா என்றும் கேளுங்கள். இருந்திருந்தால் அதையும் அறிக்கையில் சேருங்கள். 'வேறு வழியில்லை' என்று சொல்லும் மற்ற எல்லோருக்கும் எதிரான சாட்சி அவர்தான்.