எல்லா இடத்திலும் மரம் நடுவது புண்ணியமா?

மலேசியாவின் லிங்கி வட்டாரத் தோட்டங்களில் புல்லுக்கு நல்ல பெயர் இருந்ததே இல்லை. ரப்பர் வைத்த தொடக்க காலத்தில் லாலாங் புல் ஒரு தாள்கூடத் தலைகாட்டக் கூடாது என்பது துரைமார் கட்டளை. கங்காணியின் கண் பார்வையில் நம்மவர்கள் முதுகொடிய அதைக் கொத்தி எடுத்தார்கள். மொட்டை நிலத்து மேல்மண்ணை மழை அரித்துக்கொண்டு போன பிறகுதான், தோட்ட நிர்வாகங்கள் மண்ணை மூடும் கொடிப்பயிர்களை விதைக்கத் தொடங்கின. அவர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள். நமக்கோ பழைய பகை மட்டும் தங்கிவிட்டது. புல் மண்டினால் அது வீண் நிலம், அங்கே எந்த மரத்தை நட்டாலும் புண்ணியம் என்று இன்றும் நம்புகிறோம். 2021-இல் மலேசிய அரசு 10 கோடி மரங்கள் நடும் இயக்கத்தை அறிவித்ததும் இந்த நம்பிக்கைக்கு இன்னும் வலுக் கூடியது. லிங்கியைப் பொறுத்தவரை அதில் நியாயம் உண்டு. இங்கே லாலாங், மழைக்காட்டை அழித்த இடத்தில் வந்து குடியேறிய புல். அங்கே காட்டு மரமும் ஆற்று முகத்தில் கண்டலும் திரும்பட்டும். ஆனால் அதே கணக்கை எல்லா மண்ணுக்கும் போட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டு மலைகளே சாட்சி.

நீலகிரியிலும் பழனி மலையிலும் உயரத்தில் இருப்பது இரட்டை நிலம்: மடிப்புகளில் சோலைக்காடு, சரிவுகளில் புல்வெளி. யாரும் மரத்தை வெட்டி உண்டாக்கிய புல்வெளி அல்ல அது. பனியையும் காற்றையும் தாங்கி, மனிதர் வருவதற்கு முன்பே அங்கே நின்றது. வரையாடு மேய்வதும் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூப்பதும் அதில்தான். தோடர்கள் கோயில் கூரை வேயும் அவுல் புல் கிடைப்பது அதன் ஈரப்பள்ளங்களில். ஆங்கிலேயர் கண்ணுக்கு அது காலி இடமாகத் தெரிந்தது. அயல்நாட்டுச் சீகை மரமும் தைலமரமும் வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு வனத்துறையும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் மரக்கூழுக்காகவும் அதே வேலையை இன்னும் பெரிதாகச் செய்தது. பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையில் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

மரம் இருந்தால்தானே தண்ணீர் என்பார்கள். உதகை மண்வள ஆராய்ச்சியாளர்கள் இதை நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் பல ஆண்டுகள் அளந்தே பார்த்தார்கள். புல்வெளியில் தைலமரம் நட்ட பகுதியில் முதல் பத்தாண்டுச் சுழற்சியில் ஆண்டு நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. மரத்தை வெட்டி, மறுபடி துளிர்த்த இரண்டாம் சுழற்சியில் 25 விழுக்காடு. கோடையில் ஓடை வற்றியது இதைவிட மோசம். கரிமத்தைச் சேர்த்து வைக்க மரம் வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. புல் தன் சேமிப்பை வேரிலும் மண்ணிலும் வைக்கிறது. மேலே தீ ஓடினாலும் அது பெரும்பாலும் தப்பிவிடும். தைலமரக் காடு எரிந்தால் அப்படி இல்லை.

சரி, அயல் மரத்தை வெட்டிவிட்டால் புல் தானே வந்துவிடுமே என்கிறவர்கள் சீகையை அறியாதவர்கள். அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டதும் கன்றுகள் பாய் விரித்தது போல் முளைக்கும். பழனி மலையின் வட்டக்கானலிலும் நீலகிரியிலும் ஆர்வலர்கள் செய்வது முடிவில்லாத வேலையைத்தான்: நாட்டுப் புல்லின் விதையைக் கையால் உருவிச் சேர்ப்பது, நாற்றங்காலில் வளர்ப்பது, மழைக்கு முன் தூர் பிரித்து நடுவது, பிறகு ஆண்டுதோறும் சீகைக் கன்றைப் பிடுங்குவது. புகைப்படத்துக்கு இதில் ஒன்றும் இல்லை. அமைச்சர் வந்து நீர் ஊற்றவும் தோதான இடமில்லை. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: பழைய சீகைத் தோப்பின் நிழலில் சோலைக் கன்றுகள் தலைதூக்கிய இடங்களும் உண்டு. அங்கே ஒரேயடியாக வெட்டுவது மடமை. இடம் பார்த்துத்தான் வெட்ட வேண்டும், இடம் பார்த்துத்தான் நடவும் வேண்டும்.

இந்தியாவின் தரிசு நில வரைபடத்தில் பல புல்வெளிகள் இன்னும் தரிசுப் பட்டியலில்தான் இருக்கின்றன. லிங்கியிலிருந்தோ சிரம்பானிலிருந்தோ ஊருக்கு ஆயிரம் மரக்கன்றுக்குப் பணம் அனுப்புகிறவர்கள், அனுப்பும் முன் ஒன்றைக் கேளுங்கள்: அந்த நிலத்தில் முன்பு நின்றது மரமா, புல்லா? புல் என்று பதில் வந்தால், அந்தப் பணம் சீகைக் கன்று பிடுங்குகிறவர்களுக்குப் போகட்டும்.