ரோட்டில் கிடக்கும் பலகை: கேட்டு எடுத்தால் ஓசி, கேட்காமல் எடுத்தால் கேஸ்!

சென்னையில் மரக் கடைக்குப் போய் ஒரு பலகை விலை கேட்டுவிட்டு, முகம் தொங்கிப்போய்த் திரும்பி வராத குடும்பஸ்தர் குறைவு. பையனுக்கு ஒரு புத்தக அலமாரி, சமையல்கட்டில் டப்பா வைக்க ஒரு ஸ்டாண்டு, மாடியில் நாலு கீரைத் தொட்டி. ஆசை அவ்வளவுதான். மர விலையும் ஆசாரி கூலியும் சேர்ந்து அந்த ஆசையை அடக்கிவிடுகின்றன.

அதே ஆசாமி வீடு திரும்பும் வழியில் பழைய வீடு ஒன்றை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஜன்னல் சட்டம், உடைந்த கதவு, பரண் பலகை எல்லாம் நடைபாதையில் குவிந்து கிடக்கிறது. லாரி வருகிறது. செங்கல் தூளோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போகிறது. ஐம்பது அறுபது வருஷம் காய்ந்த மரம், கண் எதிரே குப்பைக்குப் போகிறது.

"சும்மாத்தானே சார் கிடக்குது. ரெண்டு எடுத்தா யாரு கேக்கப் போறா?"

கேட்பார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

யார் வீட்டு மரம்?

தெருவில் கிடப்பதால் ஒரு பொருள் அநாதை ஆகிவிடாது. வீட்டை இடிக்க விடும்போதே மரத்துக்கும் பேரம் முடிந்துவிடுகிறது. இடிக்கும் காண்டிராக்டர் கூலியை மட்டும் நம்பி வருவதில்லை. கதவு, நிலை, உத்திரம், கம்பி இவற்றை விற்றால்தான் அவருக்கு லாபம். இந்தச் சாமானுக்காக வீட்டுக்காரருக்கே பணம் கொடுத்து இடிப்பவர்களும் உண்டு.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் 'மெட்ராஸ் டெரஸ்' என்ற தளம் இருக்கிறது. தேக்கு உத்திரம், அதன்மேல் வரிசையாகத் தேக்குச் சட்டம், அதன்மேல் சுண்ணாம்பில் செருகிய சின்னச் செங்கல். சிமெண்ட் கான்கிரீட் வருவதற்கு முன்னால் வசதியான வீடுகளுக்கு இதுதான் தளம். அந்தக் காலத்தில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு இப்படிப்பட்ட வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்த உத்திரம் ஓசியில் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டைத் தொடுவதற்கு முன்பே அதற்கு ஆள் வந்து விலை பேசிவிடுவார்.

ஆகவே ராத்திரியில் இரண்டு சட்டத்தை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் அதற்குப் பெயர் திருட்டு. 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்கு 303-வது பிரிவு. 3 வருஷம் வரை உள்ளே தள்ளலாம். பொருளின் மதிப்பு 5 ஆயிரம் ரூபாய்க்குக் குறைவு, ஆசாமிக்கு இதுதான் முதல் தடவை, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால் சமூக சேவை செய்யச் சொல்வதோடு விட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கொஞ்சம் இரக்கம்தான். ஆனால் ஸ்டேஷன், கோர்ட்டு, வக்கீல் பீஸ்? அந்தப் பணத்தில் புது அலமாரியே வாங்கிவிடலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து தண்டவாளம் ஓரத்தில் கிடக்கிறது. பழைய ஸ்லீப்பர் கட்டை. கனமான மரம், தோட்டத்தில் பெஞ்சு போட ஜோராக இருக்கும் என்று கண் போகும். தொடவே கூடாது. ரெயில்வே சொத்தைக் கள்ளத்தனமாக வைத்திருந்தால் 1966-ம் வருஷச் சட்டப்படி முதல் தடவையே 5 வருஷம் வரை சிறை. ரெயில்வே பாதுகாப்புப் படையே வழக்கு நடத்தும். போதாததற்கு, அந்தக் கட்டை மக்காமல் இருக்க கிரியோசோட் என்ற தார் எண்ணெயில் ஊறப் போட்டது. வெயில் பட்டால் கசியும். உடம்புக்கு ஆகாது. கீரை வளர்க்கிற இடத்தில் அதற்கு வேலையே இல்லை.

மேஸ்திரியைப் பிடி!

அப்படியானால் ஓசி மரம் என்பதே கிடையாதா? தாராளமாக இருக்கிறது. காண்டிராக்டருக்கு விலை போகாத மரம்தான் அது. மூன்றடிக்குக் குறைந்த துண்டு, ஒரு பக்கம் செல்லரித்த ஜன்னல், கீல் பிய்ந்த அலமாரிக் கதவு, ஓட்டு வீட்டுப் பனங்கைத் துண்டு, சிமெண்ட் அப்பி வளைந்துபோன சென்ட்ரிங் பலகை. இதையெல்லாம் லாரியில் ஏற்றி அனுப்ப அவர் கைக்காசைச் செலவழிக்க வேண்டும். எடுத்துக்கொண்டு போனால் அவருக்கும் ஒரு பாரம் குறைகிறது.

கேட்க வேண்டிய ஆள் வாட்ச்மேன் இல்லை. அவர் தலையாட்டினால் செல்லாது. மேஸ்திரியைக் கேட்க வேண்டும், முடிந்தால் காண்டிராக்டரையே. சாயந்திரம் வேலை முடியும் நேரம் நல்ல நேரம். "அண்ணே, இந்தத் துண்டெல்லாம் வேணுமா? பசங்களுக்கு ஒரு ஷெல்ப் அடிக்கணும்" என்று கேட்டால் பாதிப் பேர் இல்லை என்று சொல்லமாட்டார்கள். 'இன்னாருக்கு இத்தனை துண்டு கொடுத்தேன்' என்று ஒரு சீட்டில் எழுதி, கையெழுத்தும் போன் நம்பரும் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். வழியில் போலீஸ் வண்டியை மடக்கினால் அந்தச் சீட்டுதான் பேசும்.

டைல்ஸ் கடை, கண்ணாடிக் கடை, மிஷின் இறக்குமதி செய்யும் கம்பெனி வாசலிலும் மரம் கிடக்கும். ஜாதிக்காய்ப் பலகை என்று சென்னைக்காரர்கள் சொல்லும் பெட்டி மரம், சரக்கு அடுக்கி வரும் மரத் தட்டு. சில கடைக்காரர்கள் இதை விறகுக்காரருக்கு விற்றுவிடுகிறார்கள். சிலர் யாராவது தூக்கிக்கொண்டு போனால் போதும் என்று இருக்கிறார்கள். எதையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெளிநாட்டுச் சரக்கோடு வந்த மரத்தில் கோதுமைக் கதிர் படம் போட்ட ஒரு முத்திரை இருக்கும். பக்கத்தில் ஆங்கிலத்தில் எச்.டி. என்றிருந்தால், பூச்சி சாக மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்த மரம். அலமாரிக்கும் ஆகும், தோட்டத்துக்கும் ஆகும். எம்.பி. என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற விஷ வாயு அடித்த மரம். வீட்டுக்குள் வேண்டாம். கீரைத் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம். எண்ணெயோ மருந்தோ சிந்திய கறை இருந்தால் முத்திரையைப் பார்க்காமலே விட்டுவிடலாம்.

பச்சைப் பெயிண்டு

பழைய கதவைக் கொண்டுவந்ததும் எல்லோரும் செய்யும் காரியம், உப்புத் தாள் போட்டுப் பெயிண்டைத் தேய்ப்பது. பக்கத்தில் குழந்தை விளையாடும். காரமான சாப்பாட்டுக்குப் பயப்படும் தாய்மார்கள் இந்தத் தூளுக்குப் பயப்படுவதில்லை.

பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த பச்சை, மஞ்சள், சிவப்பு எதையும் நம்ப முடியாது. ஈயத் தூள் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். போன புத்தி திரும்பாது. உலர்ந்த பெயிண்டைச் சுரண்டக் கூடாது, தேய்க்கக் கூடாது, அடுப்பில் வைக்கவும் கூடாது. இழைத்தே தீர வேண்டும் என்றால் ஆசாரியிடம் கொடுத்து, வீட்டுக்கு வெளியே, ஈரத் துணியும் முகமூடியுமாகச் செய்யச் சொல்லுங்கள். பெயிண்டு அடிக்காத மரம் கிடைத்தால் அதை எடுப்பதே புத்திசாலித்தனம்.

மற்றதெல்லாம் எந்த ஆசாரிக்கும் தெரியும். தட்டினால் 'ணங்' என்று கேட்க வேண்டும். 'பொத்' என்று கேட்டாலோ, சின்ன ஓட்டையிலிருந்து மாவு கொட்டினாலோ உள்ளே பூச்சி இருக்கிறது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் கட்டில், பீரோ எல்லாம் காலி. காந்தத் துண்டு ஒன்றைப் பலகைமேல் ஓட்டிப் பார்த்தால் ஒளிந்திருக்கும் ஆணி தெரியும். ஆணி உள்ள கட்டையை மர மில்லில் அறுக்கமாட்டார்கள், ரம்பம் போய்விடும். துருப்பிடித்த ஆணி குத்தினால் அசட்டையாக இருக்காமல் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

வர்தா கொடுத்த மரம்

இதுவரை சொன்னது தனி ஆள் பாடு. பெரிய கொள்ளை வேறு இடத்தில் நடக்கிறது. அதைச் செய்பவர் யாரும் திருடர் இல்லை.

2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் சென்னையில் கரை கடந்தது. ஒரே நாளில் பல்லாயிரம் மரம் சாய்ந்தது. தூங்குமூஞ்சி, குல்மோகர், பெருங்கொன்றை, வேம்பு, பூவரசு என்று கணக்கில்லை. முதலில் ரோட்டைத் திறக்க வேண்டும், ஆம்புலன்ஸ் போக வேண்டும், கரண்ட் வர வேண்டும். தீயணைப்புப் படையும் மாநகராட்சி ஊழியர்களும் ராப்பகலாக அறுத்தார்கள். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

அறுத்த விதத்தைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. லாரியில் ஏற்ற வசதியாக எல்லாம் இரண்டடி, மூன்றடித் துண்டு. அப்படி அறுத்த நிமிஷமே அது விறகு. ஆறடி நீளத்துக்கு அடிமரத்தை விட்டிருந்தால் பலகை. வேம்பைப் பூச்சி லேசில் தொடாது. வண்டிக்கும் படகுக்கும் பூவரசைத் தேடிப் போவார்கள். தூங்குமூஞ்சியில் அகலமான பலகை எடுக்கலாம். குல்மோகர் மட்டும் எதற்கும் ஆகாது, அதை விறகாக்கினால் பாவமில்லை.

பச்சை மரத்தை உடனே அலமாரி ஆக்க முடியாது என்பது உண்மை. அறுத்த பலகைகளுக்கு இடையே ரீப்பர் வைத்து, நிழலில் அடுக்கி, மாதக்கணக்கில் காயவிட வேண்டும். ஒண்டுக் குடித்தனக்காரருக்கு அந்த இடம் எங்கே? மாநகராட்சிக்கு இருக்கிறது. மண்டலத்துக்கு ஒரு மைதான மூலை, மேலே ஒரு தகரக் கொட்டகை. விழுந்த மரத்தை ஆறடியாக அங்கே கொண்டுவந்து அறுத்து அடுக்கினால், முதலில் மாநகராட்சிப் பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு. மிச்சம், அந்த வார்டு ஜனங்களுக்கு ரேஷன் கார்டைக் காட்டினால் ஆளுக்கு இத்தனை துண்டு என்று சும்மா கொடுக்கலாம். அறுப்புக் கூலியை மட்டும் வாங்கினாலும் சண்டை இல்லை. எந்த மரம் எங்கே போனது என்று வெளியே ஒரு போர்டு எழுதி வைத்தால், மரம் விழாமலே 'விழுந்துவிட்டது' என்று வெட்டிக் காசாக்கும் கில்லாடிகளுக்கும் கொஞ்சம் பயம் வரும்.

போகி விடியற்காலை

இன்னொரு மரக் கிடங்கு வருஷத்துக்கு ஒரு நாள் தெருவெல்லாம் திறக்கிறது. அதற்கு நெருப்பும் வைத்துவிடுகிறார்கள்!

போகி அன்று விடியற்காலை நாலு மணிக்கு எந்தத் தெருவிலும் பாருங்கள். கால் உடைந்த ஸ்டூல், மர நாற்காலி, பழைய ஜன்னல், தொட்டில் சட்டம். எரிந்துகொண்டிருக்கும். ஈயப் பெயிண்டு, பிளைவுட் பசை, டயர் எல்லாம் சேர்ந்து புகை. 2018 போகியில் அந்தப் புகையால் மீனம்பாக்கத்தில் விமானம் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பி விட்டார்கள். ஆஸ்துமாக்காரர் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய துணி, டயரை எரிக்காமல் துப்புரவு ஊழியரிடம் கொடுங்கள் என்று மாநகராட்சி போகிக்கு முன்பு கேட்டிருக்கிறது. பழைய சோபா, மெத்தை, மரச் சாமான்களை வீட்டில் வந்து வாங்கிக்கொள்ளவும் 2025-ல் ஏற்பாடு செய்தது. நல்ல காரியம். ஆனால் வாங்கும் இடத்தில் ஒரு ஆசாரியைக் கூலிக்கு உட்காரவைத்து, நல்ல மரத்தையும் கழிவையும் பிரிக்கச் சொல்ல வேண்டும். பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே குவியலாக அனுப்பினால், தெருவில் எரிந்தது வேறு இடத்தில் எரியும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதுவரை தெருக்காரர்களே செய்யலாம். போகிக்கு முதல் நாள் சாயந்திரம், வேண்டாத மரச் சாமானைத் தெருமுனையில் ஒரு பக்கமாக அடுக்கி, 'வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்' என்று அட்டையில் எழுதி வைத்தால் போதும். கொடுப்பவரே எழுதிக் கொடுத்த மரம். எடுப்பவருக்குப் போலீஸ் பயமும் கிடையாது. மாடிவீட்டுக்காரர் எரிக்க நினைத்த ஸ்டூல், குடிசையில் ஒரு பெண் குழந்தை உட்கார்ந்து பாடம் எழுத ஆகும். காலையில் மிச்சம் இருப்பதைத் துப்புரவு வண்டி எடுத்துக்கொள்ளட்டும்.

மரம் விழுந்தால் 1913-க்குப் போன் செய்யச் சொல்கிறார்கள். அடுத்த மழையில் உங்கள் தெருவில் மரம் சாய்ந்து, நீங்கள் போன் செய்தால், இன்னொரு கேள்வியும் சேர்த்துக் கேளுங்கள்: "அறுக்கிற கட்டை எங்கே போகுது சார்? ஆறடியா அறுக்கச் சொல்லுங்க." வார்டு கவுன்சிலர் ஓட்டுக் கேட்டு வரும்போதும் இதே கேள்வியைப் போடலாம்.