தாயைப் பிரிப்பதேன்?

மாதம் நிறையாமற் பிறந்த சிசுவைத் தாயிடமிருந்து பிரித்துக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதே உத்தமமான சிகிச்சையென்று வைத்தியர்கள் வெகுகாலம் நம்பி வந்தார்கள். 1978-ல் கொலம்பியா தேசத்துப் பொகோட்டா நகரில் பெட்டிகள் போதவில்லை. டாக்டர் எட்கார் ரே அச்சிசுக்களைத் தோலோடு தோல் படும்படி தாய்மாரின் மார்பில் அணைத்து வைக்கச் செய்தார். தரித்திர தேசத்தின் உபாயமென்று பலர் அதை அசட்டை செய்தனர்.

இன்றோ நிலைமை வேறு. இந்தியாவிலும் நான்கு ஆப்பிரிக்க தேசங்களிலும் நடந்து 2021-ல் வெளியான பரிசோதனையில், ஒன்று முதல் 1.8 கிலோவுக்குட்பட்ட சிசுக்களில், பிறந்தவுடனே தாயின் ஸ்பரிசம் பெற்றவற்றில் 28 நாளைக்குள் இறந்தவை நூற்றுக்கு 12. உடல்நிலை தேறும்வரை பிரித்து வைக்கப்பட்டவற்றில் 15.7. டில்லி ஸப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் இதில் பங்குகொண்டதென்பது நமக்குப் பெருமையே.

யந்திரம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. மூச்சுக்கே அதை நம்பியிருக்கும் சிசுக்கள் உண்டு. ஆனால் சிசு ஒரு வார்டிலும் பெற்றவள் வேறொரு வார்டிலும் கிடந்தால் ஸ்பரிசம் எங்ஙனம் கிட்டும்? 2022-ல் உலக சுகாதார ஸ்தாபனம் தினம் 8 மணி நேரமாவது இவ்வணைப்பு வேண்டுமென்று கூறிவிட்டது. பெட்டிகளுக்குத் திறப்பு விழா நடத்தும் மந்திரிமார், பெட்டிக்கருகே தாய்க்கு ஒரு கட்டிலும் அவளைக் கவனிக்க ஒரு நர்ஸும் ஏற்படுத்தத் தயங்குவானேன்? இதற்கு எவ்வளவு ஒதுக்கப்படுகிறதென்று சட்டசபை அங்கத்தினர்கள் அடுத்த பட்ஜெட் விவாதத்திலேயே கேட்கவேண்டும்.