காலைத் தூக்கி வீசினால் தப்பா?

"டேக்வாண்டோ கற்கும் என் மகள், சண்டைக்கு உதவாத உதைகளையே அழகுக்காகப் பழகுகிறாள். மாமியார் திட்டுகிறார்" என்று ராஜபாளையத்துச் சகோதரி எழுதியிருக்கிறார்.

பழகட்டுமே! பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருவிழாவில் கம்பு சுற்றுகிறவரிடம், "யாரை அடித்தாய்?" என்றா கேட்கிறோம்? சிலம்பத்தில் அலங்கார வீச்சு தனிக் கலை. டேக்வாண்டோவிலும், எதிராளியே இல்லாத 'பூம்சே'க்கு 2006 முதல் உலகப் போட்டி நடக்கிறது.

ஆனால் ஒன்று. வளரும் வயதில், தசை ஒட்டியிருக்கும் இடத்தில் இடுப்பெலும்பு முழுக்க இறுகியிருக்காது. திடீரென்று உயர உதைத்தால் எலும்புத் துணுக்கே பிய்ந்து வரலாம். ஆகவே முதலில் பத்து நிமிஷம் மெல்லோட்டம், பிறகு தாழ்ந்த உதை, அப்புறம்தான் உயரம். ஈரத் தரை கூடாது. 'படக்'கென்று வலித்தால் எண்ணெய் போட்டு உருவாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

மாமியாரையும் ஒருநாள் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்களேன்!