வீதியும் வண்டியும்: ஐம்பது எழுபதான கதை

"சிலிண்டர் பெரிதாகப் போட்டால் உண்மையிலேயே ஓட்டம் கூடுமோ?" என்று வாசகர்கள் இருவர் கேட்டிருந்தார்கள். கூடும். என்னுடைய சிம்சன் எஸ் 51இல் மாற்றி, ஒரு கோடை முழுவதும் ஓடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஜேர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு விளக்கம். சிம்சன், பழைய கிழக்கு ஜேர்மனியின் சூல் நகரத்தில் செய்த வண்டி. எங்களூர் ஹொண்டா 50 மாதிரி, எளியவர்களின் வாகனம். இங்கே 50 சீசீ மொபெட்டுக்கு மணிக்கு 45 கிலோமீற்றர்தான் எல்லை. ஆனால் 1992 பெப்ரவரி 28 வரை கிழக்கில் வீதிக்கு வந்துவிட்ட சிம்சனுக்கு, இரு ஜேர்மனிகளும் இணைந்தபோது செய்த ஒப்பந்தத்தின்படி, 60 வரை அனுமதி. எங்கள் பிள்ளைகள் அதைத் தேடித் தேடி வாங்குவது இதனால்தான்.

நான் செய்தது இவ்வளவுதான். 38 மில்லிமீற்றர் பிஸ்ரன் இருந்த இடத்தில் 45 மில்லிமீற்றர் பிஸ்ரன். அது மேலும் கீழும் ஓடும் தூரம் பழைய 44 மில்லிமீற்றரேதான். 50 சீசீ 70 ஆகிவிடும். தொழிற்சாலையே 1980களில் இதே அளவில் எஸ் 70 என்று விற்றது. எஸ் 51க்கு 3.7 குதிரைவலு, அதற்கு 5.6.

நான் இருப்பது வூப்பெற்றாலில். இங்கே ஏற்றமில்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். முன்பெல்லாம் வீட்டுக்கு ஏறும்போது பாதியிலேயே இரண்டாம் கியருக்கு இறங்கி, பின்னால் பஸ் உறும, வெட்கத்தோடு ஓரமாக ஊர்வேன். இப்போது மூன்றாம் கியரிலேயே ஏறுகிறது. மனைவி பின்னால் இருந்தாலும் மூச்சு வாங்குவதில்லை. சமதரையில் 75 வரை போகிறது. ஆனால் சுகம் அந்த 75இல் இல்லை. 50க்கும் 60க்கும் இடையில், கையை முழுதாக முறுக்காமல் அமைதியாக ஓடுகிறதே, அதில்தான் இருக்கிறது.

குறையையும் சொல்லவேண்டும். கைபிடியும் கால்மிதியும் முன்னரைவிட அதிருகின்றன. பெற்றோல் கூடக் குடிக்கிறது. முதலில் காபரேற்றரின் பழைய ஜெற்றையே விட்டுவிட்டேன். கழற்றிப் பார்த்தால் பிளக் வெள்ளையாக இருந்தது. பெற்றோல் போதாமல் எஞ்சின் சூடேறுகிறது என்று அர்த்தம். அப்படியே ஓடியிருந்தால் பிஸ்ரன் இறுகியிருக்கும். யாழ்ப்பாணத்தில் 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடியவர்களுக்கு இந்தப் பிளக் சாத்திரம் நான் படிப்பிக்கத் தேவையில்லை. பெரிய ஜெற் போட்டபின் பிளக் மண்ணிறத்துக்கு வந்தது.

பயந்தது இறக்கத்தில். பிறேக் அதே பழைய 125 மில்லிமீற்றர் ட்ரம். 60இல் நிறுத்துவதைவிட 75இல் நிறுத்த அது ஒன்றரை மடங்குக்கு மேல் உழைக்கவேண்டும். ஒருநாள் சிவப்பு விளக்குக்கு நிற்கவேண்டியவன், கோட்டைத் தாண்டி ஒரு வண்டிநீளம் போய்த்தான் நின்றேன். குறுக்கே ஒன்றும் வரவில்லை. அன்றைக்கே பிறேக் கட்டைகளை மாற்றினேன்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் மருமகனுக்குப் பதினேழு வயது. பேக்கரியில் தொழில் பழகுகிறான். அதிகாலை நான்கு மணிக்கு வேலை, அந்த நேரத்தில் பஸ் இல்லை. அவனிடமும் ஒரு எஸ் 51 நிற்கிறது.

"மாமா, எனக்கும் எழுபதைப் போட்டுத் தாங்கோ. இல்லாட்டி உங்கடையை ஒரு கிழமைக்குத் தாங்கோ."

"உன்ர லைசென்ஸ் என்ன?"

"ஏ.எம்."

"அப்ப ரெண்டும் இல்லை."

முகம் சுருங்கிவிட்டது. எழுபதைப் பூட்டிய கணமே சட்டத்தின் கண்ணில் அது மொபெட் அல்ல, சிறிய மோட்டார் சைக்கிள். வீதி அனுமதி போய்விடும். மார்ச் 1ஆம் திகதி நிறம் மாறும் அந்தச் சின்ன இன்சூரன்ஸ் தகடும் அதற்குப் பொருந்தாது. நான் பூட்டியதும் வண்டியை வானில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பரிசோதகரிடம் காட்டி, பதிவு செய்து, முறையான இலக்கத்தகடு எடுத்த பிறகுதான் வீதிக்கு இறக்கினேன். லைசென்ஸுக்கு ஏ1 வேண்டும். அல்லது என்னைப்போல 25 வயது கடந்து, ஐந்து வருடம் கார் லைசென்ஸ் வைத்திருந்தால், 90 நிமிட வகுப்புகள் ஒன்பது எடுத்து பி196 பதியலாம். சோதனை இல்லை, ஆனால் ஜேர்மனிக்குள் மட்டுமே செல்லும்.

லைசென்ஸ் இல்லாமல் ஓடினால் அபராதம், அல்லது ஒரு வருடம் வரை சிறை. தெரிந்துகொண்டு வண்டியைக் கொடுத்தவருக்கும் அதுவே. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் காயப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு, 5000 யூரோ வரை ஓட்டியவரிடம் திருப்பிக் கேட்கலாம். விசா நீடிக்கக் காத்திருக்கும் பிள்ளையின் பெயரில் வழக்கொன்று விழுந்தால் என்னவாகும் என்று அவனுடைய தாய்க்கு நான் சொல்லத் தேவையிருக்கவில்லை.

ஏ1க்குக் காசு சேர்க்கத் தொடங்கியிருக்கிறான். பாதி நான் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். இப்போதைக்கு அவனுடைய ஐம்பதுக்குப் புதுச் சங்கிலி போட்டு, காபரேற்றரைக் கழுவிக் கொடுத்தேன். மூன்றரைக்கு எங்கள் தெருவால் இரண்டாம் கியரில் ஏறிப்போகிறான். சத்தத்துக்கு நான் எழும்பிவிடுகிறேன்.